மழைக் கட்டம்

பாடாங் செராய்க்கு வெளியே, செம்பனை ஆலை வாசலில்
லாரிக்கு எடை போடுகிறவள் நான்.
தீம்பாங் கொட்டகை என்பார்கள்.
இரவு இரண்டுக்கு மேல் லாரி வருவது அபூர்வம்.
மின்விசிறி, ஈசல், நான்.
அப்படித்தான் தொடங்கியது.

உடைந்த நாற்காலியின் ரப்பர் மரக் காலை
பட்டறைக் கியோங் வாள் போட்டுக் கொடுத்தான்.
பார்வைக்குச் சதுரமான இரண்டு பகடை.
புள்ளிகளை நானே துளைத்தேன்,
ஆணியைச் சுட்டு, ஆழமாக,
இருட்டிலும் விரலுக்குத் தெரியட்டும் என்று.

அரிசிக்கடை நாள்காட்டியின் முதுகில்
நாற்பத்தெட்டுக் கட்டம் வரைந்தேன்.
காய்க்கு நாலு நிறச் சோடா மூடி.
பத்து டன் பழம் முதலில் சேர்ப்பவர் ஜெயித்தார்.
மழைக் கட்டத்தில் நின்றால் ஒரு முறை போச்சு.
இதில் தவறு வர என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு உட்கார்ந்தோம்:
பழம் வெட்டும் தவமலர்,
கொதிகலன் பார்க்கும் சன்னாசி,
லாரிக்காரன் சுஹைமி (லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவன்,
நம்மைவிடச் சுத்தமாகத் தமிழில் திட்டுவான்).

மூன்றாம் வீச்சிலேயே தவமலர் மழையில் நின்றாள்.
"மழைன்னா எல்லாருக்கும்தானே மழை?
நான் மட்டும் ஏன் நனையணும்?"
பதில் இல்லை என்னிடம்.
எல்லாருக்கும் மழை என்று திருத்தினேன்.
எல்லாரும் நின்றோம்.
அடுத்து யார் வீசுவது என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.

சன்னாசிக்கோ ஆறு, ஆறு, மறுபடி ஆறு.
"ராசி" என்று தொடையில் தட்டிக்கொண்டான்.
எனக்கு உறுத்தியது.
மூன்று இரவு, எடைச்சீட்டின் பின்னால் கோடு கோடாக,
அறுநூறு முறை வீசிப் பார்த்தேன்.
தகர மேசைச் சத்தத்துக்குக்
காவல்நாய் எழுந்து போய்
தூரத்தில் படுத்துக்கொண்டது.
ஆறு: நூற்று முப்பத்தொன்று.
ஒன்று: எழுபத்தெட்டு.
ஆறு குழி தோண்டிய பக்கம் இலேசாகி
மேலே மேலே வந்திருக்கிறது.
நாற்பது டன் லாரியில்
இருபது கிலோ பிசகினால் பிடிக்கிறவள்,
ஒரு சிட்டிகை மரத்தூளில் ஏமாந்தேன்.

நகப்பூச்சு ஊற்றிக் குழிகளை நிரப்பினேன்.
சிவப்பு ஆறு. காய வைத்தேன். மறுபடி அறுநூறு.
"என் ராசிய பூசி மெழுகிட்டியே" என்றான் சன்னாசி,
பாதி விளையாட்டாக.

பிறகு வேறு கோளாறு.
தோற்கிறவர் பாதியில் கைபேசிக்குள் போய்விடுகிறார்.
சரி, கடைசியில் இருப்பவர் இரண்டு பகடையும் வீசி
பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும்.
அன்று முழுக்கச் சுஹைமி
கடைசியிலேயே குந்தியிருந்தான்,
பெரியதை விட்டுச் சின்னதைப் பொறுக்கி,
முன்னேறிவிடுவோமோ என்று பயந்து பயந்து,
கடைசி இரண்டு வீச்சில் ஜெயித்தான்.
அந்த வரியை இரண்டு முறை அடித்தேன்.

ஏழாவது நாள்காட்டித் தாள்.
இரண்டே முக்காலுக்கு, யாரும் எதிர்பாராமல்,
ஒரு லாரி ஒலியெழுப்பியது.
மேடை ஏறி, இறங்கி, சீட்டுக் கிழித்து,
கையெழுத்து வாங்கித் திரும்பினேன்.

உள்ளே சண்டை.
தவமலர் மழைக் கட்டத்தில் நின்றபடி
மூடி மூடியாக அள்ளிக்கொண்டிருந்தாள்.
"மழையில குலை வெட்ட முடியாது, சரி.
உதிரிப்பழம் பொறுக்கலாம்ல? புள்ளிக்கு ஒண்ணு."
"ரெண்டு கையும் நிறைஞ்சா நிறுத்தணும்,
அதான் ரூல்" என்று சுஹைமி.
சன்னாசி அவள் கையை விரித்து எண்ணினான்.

அப்படி எதையும் நான் எழுதவில்லை.
"யார் சொன்னது இதெல்லாம் ரூல்னு?"

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள்,
ஆட்டம் தெரியாமல் வந்து நிற்பவளைப்
பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.
சுஹைமி பகடையை என் பக்கம் தள்ளினான்.
"உட்காருலா. உன் முறைதான்."